எழுத்தெழுத்தாக

இருபத்திரண்டு சாவிகள். ஒன்றிலும் எழுத்தில்லை.
ஆர்மோனியத்தில் போல நாலைந்தை ஒருசேர அமுக்கினால்
ஒரு சொல் விழும்.

சார்ல்ஸ்டனில், பொன் பூசிய கூரைக்குக் கீழே
ஜனவரி இரவு ஏழு மணிக்கு
ஆளுநர் பேசுகிறார்.
(டெல்லி அனுப்பிவைத்த ஆளுநர் அல்ல,
வீடு வீடாய் ஓட்டுக் கேட்டு வந்தவர்.)
காது கேளாதவர்களுக்கும்
டிவியை ஊமையாக்கிவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும்
அவர் பேச்சைத் திரையின் அடியில் ஓடவிடுவது என் வேலை.
அவர் சொன்னதை மட்டும். சொன்னபடி.
விதி அவ்வளவுதான்.

அடிக்கடி வருவதற்கெல்லாம் சுருக்கம் வைத்திருக்கிறேன்.
‘சட்டம் ஒழுங்கு’ ஓர் அமுக்கு.
‘நம் பிள்ளைகளின் எதிர்காலம்’
இடது கை மட்டும் போதும்.
‘மலிவான, நம்பகமான மின்சாரம்’
அதற்கும் ஒன்றுதான்; மூன்று ஆளுநர்களாக
அதை நான் மாற்றவே இல்லை.
(கைதட்டல்)
இதற்குச் சுண்டுவிரல் அசைந்தால் ஆயிற்று.

முதலில் குற்றம்.
புதுச் சிறை, இன்னும் நானூறு கட்டில்.
ஒலிப்பலகையில் இருக்கும் டார்லீனின் மகன்
பழைய சிறையிலேயே ஆள் போதாமல்
ஒன்றுவிட்டு ஒரு நாள் இரட்டை ஷிப்ட் பார்க்கிறான்.
அவள் நிமிரவில்லை.
வயரைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள், சுருட்டுகிறாள்.

பிறகு பள்ளி.
‘மூடுகிறோம்’ என்று அவர் சொல்லவில்லை.
‘ஒருங்கிணைப்பு’ என்றார். ஒருங்கிணைப்பு என்று அடித்தேன்.
என் மகள் பொழில்
இருட்டில், ஐந்து ஐம்பதுக்கு,
மலையைச் சுற்றி வரும் பஸ்ஸில் ஏறி
கண்ணாடியில் நெற்றி வைத்துத் தூங்குவதை
அடிக்க எனக்கு அனுமதி இல்லை.

பிறகு ஃபென்டனில்.
எட்டு வருடம் முன்பு என் அகராதியில் இல்லாத சொல்.
மருந்துப் பட்டியலில் தேடி ஏற்றினேன்.
இப்போது ‘நன்றி’ விழும் வேகத்தில் விழுகிறது.
சாவு பன்னிரண்டு சதவீதம் குறைந்ததாம்.
(கைதட்டல்)
நல்ல செய்திதான். பொய்யில்லை.
குறையாத மிச்சத்தில்
எங்கள் தெருவில் ஒருவன் இருந்தான்,
மழைக்கூரைத் தகரம் சுத்தம் செய்பவன்,
ஏணியைத் திருப்பித் தர மறந்தே போவான்.

தாளிலிருந்து தலை தூக்கினார் ஆளுநர்.
மாடத்தைக் காட்டினார்.
“மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் இங்கே இருக்கிறார்.”
மானிட்டரில்
என் கறுப்புக் கோட்டு எழுந்து நிற்கிறது.
போன வாரம் வாண்டாவுக்கு நான் இரவல் தந்தது;
கைகள் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

“அவர் மகன், பிராட்லி ஸ்டெர்லிங்…”

இல்லை.

விரல்கள் மேலேயே நின்றன.
எல்லாவற்றுக்கும் சுருக்கம் வைத்திருந்தவள்
பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைக்கவில்லை.
எழுத்தெழுத்தாகத்தான் போக வேண்டும்:
பிராடி, ஐந்து அமுக்கு.
ஸ்டாலிங்ஸ், ஒன்பது.
இரண்டு ‘எல்’ வரும் அதில்;
வாண்டா யாரிடமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான்
பெயர் கொடுப்பாள்,
ஆஸ்பத்திரியில், பிணவறையில், கல் செதுக்குகிறவனிடம்.

பதினான்கு அமுக்கு.
அதற்குள் அவர் மின்சாரத்துக்குப் போய்விட்டார்,
நிலக்கரி, எரிவாயு, கணினிக் கிடங்குகள்,
என்னவோ ஒரு வாக்குறுதி.
போகட்டும்.
இந்த மாநிலத்தின் திரைகளில்
கானாவா நதியின் இரு கரையிலும்
சில நொடிகள்
ஒரு பெயர் மட்டும் நின்றது, நகராமல்.

மறுநாள் மேலாளரிடமிருந்து பிழைப்படிவம்.
தவறவிட்ட சொற்கள்: முப்பத்தொன்று.
தவறாக எழுதிய பெயர்ச்சொல்: இரண்டு.

டிசம்பர் கரண்ட் பில் மேசையில் கிடந்தது,
முந்நூற்று எண்பத்தாறு டாலர்.
அதன்மேல் படிவத்தை வைத்து
கையெழுத்துப் போட்டேன்.